கால்மாட்டுத் தாள்

ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கும். கிளிப்பில் செருகிய, கட்டம் போட்ட தாள். மேலே டெம்பரேச்சர், நடுவில் பல்ஸ், அடியில் ரெஸ்பிரேஷன். டி.பி.ஆர். சார்ட் என்போம். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் சாத்துக்குடிப் பையை வைத்த கையோடு அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். கோடு ஏறியிருந்தால் முகம் மாறும். இறங்கியிருந்தால் "பரவாயில்ல போலிருக்கே" என்பார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தாளை நிரப்பினேன். அது எங்கே பிறந்தது, எந்தெந்த ஊர் சுற்றி எங்கள் வார்டுக்கு வந்தது என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு கட்டம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மூச்சுக்கான கட்டம். அதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

தாளின் மேல்வரி ஜெர்மனியிலிருந்து வந்தது. லைப்சிக் நகரத்தில் கார்ல் வுண்டர்லிஷ் என்ற பேராசிரியர் நோயாளிகளின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து, நாள் தவறாமல் அளவெடுத்து, புள்ளி புள்ளியாகக் குறித்துக் கோடாக இணைத்தார். அந்தக் காலத்துத் தெர்மாமீட்டர் ஓர் அடி நீளம். அளவு நிலைக்கு வர 15 முதல் 20 நிமிஷம் ஆகும். அதை வைத்துக்கொண்டு சுமார் 25,000 நோயாளிகளின் உடல்சூட்டைத் திரட்டி, 1868இல் புத்தகமாகப் போட்டார். இயல்பான சூடு 37 டிகிரி செல்சியஸ் என்று நாம் சொல்வது அவருடைய கணக்கு.

அதுவரை காய்ச்சல் என்பதே ஒரு நோய். புறங்கையால் தொட்டுப் பார்த்து "நெருப்பாக் கொதிக்குது" என்று சொல்கிற சங்கதி. கோடு போட்டுப் பார்த்த பிறகுதான் ஒவ்வொரு நோயின் நடையும் கண்ணுக்குத் தெரிந்தது. டைபாய்டு படிப்படியாக ஏறி உச்சியில் நின்றுவிடும். மலேரியா முறை வைத்து வந்து போகும். வுண்டர்லிஷ் செய்த பெரிய காரியம் 37ஐக் கண்டதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைய எண்ணை நேற்றைய எண்ணுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாரே, அதுதான்.

ஆனால் ஒருவருக்கு இருபது நிமிஷம் என்றால் நாற்பது கட்டிலுக்கு எங்கே போவது? இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து மருத்துவர் கிளிஃபோர்ட் ஆல்பட் 1860களில் தெர்மாமீட்டரை ஆறு அங்குலமாகக் குறுக்கினார். ஐந்து நிமிஷத்தில் அளவு கிடைத்தது. சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கு வந்த பிறகுதான் அது வார்டு முழுக்கச் சுற்ற முடிந்தது.

பல்ஸ் வரிக்கு வம்சம் இன்னும் நீளம். இங்கிலாந்தின் லிச்ஃபீல்ட் ஊரில் ஜான் ஃபிளாயர் என்ற வைத்தியர், ஒரு நிமிஷம் ஓடி நிற்கிற கடிகாரத்தைச் செய்ய வைத்து, 1707இல் அதைப் பற்றியே நூல் எழுதினார். நம் ஊர் வைத்தியர்கள் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடியின் நடையைப் பார்த்தார்கள். ஃபிளாயர் எண்ணிக்கையைப் பிடித்தார். எங்கள் சீருடையில் குத்திய கடிகாரத்தின் நொடிமுள் அவருடைய கொடை.

இவர்கள் எல்லாம் அளக்கக் கற்றுக்கொடுத்தவர்கள். பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரின் ஸ்குட்டாரி மருத்துவமனையிலிருந்து திரும்பி, 1859இல் அவர் எழுதிய நர்ஸிங் குறிப்புகளில், நோயாளியைக் கவனிப்பதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. "ராத்திரி நல்லாத் தூங்கினாரா?" என்று கேட்பதில் பயனில்லை என்கிறார். ஒருவருக்குப் பத்து மணி நேரம் அசையாமல் தூங்கினால்தான் தூக்கம். இன்னொருவருக்கு அவ்வப்போது கண் அசந்தாலே போதும். எத்தனை மணி நேரம், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று கேட்கச் சொல்கிறார். நூற்றைம்பது வருஷம் கழித்தும் ஷிஃப்ட் மாறி ஓவர் கொடுக்கும்போது "பேஷன்ட் நல்லா தூங்கினார்" என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நம் ஊர்ப் பக்கம் வந்தால், மதராஸ் அரசு பொது மருத்துவமனையில் 1871இல் நான்கு மாணவியருடன் பயிற்சி தொடங்கியது என்பது நர்ஸிங் படித்த யாருக்கும் மனப்பாடமான வரி. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909இல் நர்ஸிங் பள்ளி தொடங்கினார். 1946இல் அங்கே பட்டப்படிப்பே வந்துவிட்டது. இந்தப் பயிற்சியோடுதான் தாளும் நம் ஊர்க் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து சேர்ந்தது.

பி.பி. வரி தாளில் ஏறிய கதை என்னை உலுக்கியது. ஹார்வி குஷிங் பாஸ்டனில் மருத்துவ மாணவராக இருந்த காலம். அவர் ஈதர் மயக்கம் கொடுத்துக்கொண்டிருந்த நோயாளி ஒருவர் இறந்துபோனார். படிப்பையே விட்டுவிடலாமா என்ற அளவுக்கு உடைந்துபோன அவர், பிறகு நண்பர் கோட்மனுடன் சேர்ந்து, மயக்கத்தில் இருப்பவரின் நாடியையும் மூச்சையும் நேரம் போட்டுக் குறிக்கும் தாள் ஒன்றை உருவாக்கினார். 1901இல் இத்தாலியின் பவியா நகருக்குப் போனபோது, ரிவா-ரோச்சி 1896இல் வெளியிட்ட ரத்த அழுத்தக் கருவியைப் பார்த்து, தாம் வேலை பார்த்த பால்டிமோருக்குக் கொண்டுபோனார். 1905இல் ரஷ்யாவின் கொரோட்கோவ், கைமடிப்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்கலாம் என்று கண்டு சொன்னதும், மேல் அளவும் கீழ் அளவும் சேர்ந்து கிடைத்தன. மயக்கத்தாளுக்குப் பின்னால் ஒரு சாவும் ஓர் இளைஞனின் மனச்சாட்சியும் இருந்தன என்று படித்த அன்று அடுத்த பக்கம் புரட்ட முடியவில்லை.

1974இல் ஜப்பானின் டக்குவோ அவோயாகி நாடித்துடிப்பை வைத்து ரத்தத்தின் ஆக்சிஜனைக் கணக்கிடும் வழியை வெளியிட்டார். அது விரல்கிளிப்பாகத் தமிழ்நாட்டு வீடுகளுக்கே வந்துசேர்ந்ததை 2021 மே மாதக் கொரோனா அலையில் பார்த்தோம். மருந்துக்கடை வாசலில் வரிசையில் நின்று ஆக்சிமீட்டர் வாங்கினோம். தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் பயம் என்று பாட்டிமாருக்கும் தெரிந்தது.

இப்படிச் சூட்டுக்கு ஒரு கருவி, நாடிக்குக் கடிகாரம், அழுத்தத்துக்குப் பட்டை, ஆக்சிஜனுக்கு விரல்கிளிப். மூச்சுக்கு மட்டும் எங்கள் பொது வார்டுக்கு எதுவும் வந்து சேரவில்லை. ஐ.சி.யூ. மானிட்டரில் கோடு ஓடும். வார்டில் கண்தான். வயிறோ நெஞ்சோ ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிஷம் நிற்க வேண்டும். நாற்பது பேருக்கு நாற்பது நிமிஷம்.

அதனால் இருபது என்று எழுதுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே ஒரு அக்கா சொல்லிக்கொடுத்தார்: "அதையெல்லாம் எண்ணிட்டு நின்னா விடிஞ்சிடும்மா. இருபது போட்டுட்டு வா." நல்ல மனுஷி அவர். நரம்பு கிடைக்காத குழந்தைக்கும் ஒரே குத்தில் ட்ரிப் போடுவார். சோம்பலால் சொன்னதில்லை, கட்டிலின் கணக்கும் ஆளின் கணக்கும் அப்படிச் சொல்ல வைத்தது. வார்டில் எந்தத் தாளை எடுத்தாலும் அடிவரி இருபது, இருபது, இருபது என்று ஓடும். ஒடிசலான பையனுக்கும் இருபது, ஆஸ்துமாத் தாத்தாவுக்கும் இருபது. நம் ஊர்ப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். 2008இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வந்த கட்டுரை ஒன்று மூச்சு எண்ணிக்கையைப் புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி என்று தலைப்பிலேயே சொன்னதைப் பார்த்தபோது, எல்லா ஊரிலும் இதே கதைதான் என்று தெரிந்தது.

இனி அந்த இரவு. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஆண்கள் சர்ஜரி வார்டு, நாற்பத்திரண்டு பேர், நைட் டியூட்டிக்கு நானும் இன்னொரு ஸ்டாஃபும். அன்றைக்கு வார்டில் ஆக்சிமீட்டர் கிடையாது. ஒன்பதாம் பெட்டில் சிறுநீரகக் கல் வலியில் ஒருவர் "செத்துட்டேன், யாராவது வாங்க" என்று வார்டே எழும்படி கத்திக்கொண்டிருந்தார். மூன்றாம் பெட்டில் அப்போதுதான் ரத்தம் ஏற்ற ஆரம்பித்திருந்தோம். இருபத்திரண்டில் ட்ரிப் தீர்ந்து, டியூபில் ரத்தம் ஏறி நின்றது. கூட இருந்த அண்ணன் மூன்று தடவை வந்து கூப்பிட்டுவிட்டார். பதினான்காம் பெட்டில் குடல் ஓட்டைக்கு ஆபரேஷன் ஆன, முப்பது வயசு இருக்கும், ஒரு கொத்தனார். இரண்டாம் நாள். சத்தமே இல்லை.

அவர் மனைவி வந்து நின்றாள். "சிஸ்டர், அவரு ஒரு மாதிரியா இருக்காரு."

"என்னம்மா பண்ணுது? வலிக்குதாமா?"

"தெரியல சிஸ்டர். பேச்சுக் குடுத்தா ஏதோ சம்பந்தமில்லாம சொல்றாரு."

போனேன். போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பல்ஸ் 104. பி.பி. 110. சூடு 99.6. அவசரமாக எழுதினேன். மூச்சுக்கு இருபது போட்டேன். அவர் போர்த்தியிருந்த போர்வை வேகவேகமாக ஏறி இறங்கியதைப் பார்த்த நினைவு இன்றும் இருக்கிறது, எண்ணவில்லை. ஒன்பதாம் பெட்காரர் அடுத்த சத்தம் போட்டார். "ஆபரேஷன் அசதிம்மா, தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

விடியற்காலை நாலு மணிக்கு அவள் ஓடி வந்தபோது அவர் கைகால் ஜில்லென்று இருந்தது. பி.பி. கிடைக்கவில்லை. ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். மூன்றாம் நாள் போய்விட்டார்.

வயிற்றுக்குள் தைத்த இடம் கசிந்து, கிருமி ரத்தத்தில் பரவியிருந்தது. அப்படி ஆகும்போது உடம்பின் மூலை முடுக்குக்கு ஆக்சிஜன் போதாமல் ரத்தத்தில் அமிலம் சேரும். அமிலத்தைக் குறைக்க உடம்புக்குத் தெரிந்த உடனடி வழி, கார்பன் டை ஆக்சைடை வேகமாக வெளியே தள்ளுவது. அதனால்தான் மூச்சு முந்திக்கொள்கிறது. பி.பி. அப்படி இல்லை. வாலிப உடம்பு ரத்தக்குழாய்களை இறுக்கி, இதயத்தை வேகமாக அடிக்க வைத்து, கடைசி மட்டும் அதைத் தாங்கிப் பிடிக்கும். விழும்போது ஒரேயடியாக விழும். நாங்கள் நம்பி உட்கார்ந்திருந்த எண் கடைசியாகப் பேசுகிற எண். முதலில் பேசுகிற எண்ணுக்கு நான் இருபது போட்டுவிட்டேன்.

1990இல் அமெரிக்காவின் மயாமியிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே இதயம் நின்றுபோன 64 பேரின் கேஸ் ஷீட்டைப் புரட்டினார்கள். 84 சதவீதம் பேருக்கு, அதற்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள் நிலைமை மோசமானதோ புதிதாக ஏதோ தொந்தரவு சொன்னதோ தாளிலேயே பதிவாகியிருந்தது. எழுதியிருந்தார்கள், எழுதியதை யாரும் சேர்த்துப் படிக்கவில்லை. அதே வருஷம் சிட்னியில் கென் ஹில்மன் என்ற மருத்துவர், இதயம் நின்ற பிறகு ஓடி வருவதை விட்டு, அறிகுறி தெரிந்ததுமே வார்டுக்கு வரும் குழு ஒன்றை அமைத்தார். அந்தக் குழுவை எந்தெந்த அளவுக்குக் கூப்பிடலாம் என்ற பட்டியலில், எண் எதுவும் இல்லாத ஒன்றும் இருந்தது: நோயாளியைப் பற்றி உங்களுக்குக் கடுமையான கவலை இருந்தால் கூப்பிடலாம்.

1997இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் ஊரில் ஒவ்வொரு அளவுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறை வந்தது. லண்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012இல் அதை நாடு முழுமைக்கும் ஒன்றாக்கியது, 2017இல் திருத்தியது. தாளிலேயே வண்ணப் பட்டை இருக்கும். மூச்சு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை என்றால் பூஜ்யம்; 21 முதல் 24 என்றால் 2; 25ஓ அதற்கு மேலோ போனால் 3. எட்டோ அதற்குக் கீழோ இறங்கினாலும் 3. எல்லாவற்றையும் கூட்டி ஐந்து வந்தால் டாக்டரை உடனே அழைக்க வேண்டும். ஏழு என்றால் அவசரக் குழுவே வர வேண்டும். 2017 திருத்தத்தில் புதிதாகச் சேர்த்தது குழப்பம். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று சம்பந்தமில்லாமல் பேசினால் அதற்கே 3.

அதைப் படித்ததும் பேனா எடுத்துப் பதினான்காம் பெட்டுக்குக் கணக்குப் போட்டேன். நான் எழுதி வைத்த தாளின்படி பல்ஸுக்கு 1, பி.பி.க்கு 1, மொத்தம் 2. போர்வை ஏறி இறங்கிய வேகம் இருபத்தைந்துக்குக் குறையாது, அதற்கு 3. மனைவி சொன்ன சம்பந்தமில்லாத பேச்சுக்கு 3. எட்டு. அந்தப் பெண் வாயால் சொன்ன மூன்றும், நான் எண்ணாமல் விட்ட மூன்றும். முன்கூட்டியே அழைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மறுபடி வயிற்றைத் திறந்து பார்க்க ஒரு இரவு முழுக்க நேரம் கிடைத்திருக்கும் என்பது உறுதி.

மதிப்பெண் வந்துவிட்டால் நர்ஸின் மூளைக்கு வேலை இல்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. மேல் பி.பி. 111 முதல் 219 வரை அந்தத் தாளில் பூஜ்யம்தான். பத்து வருஷமாக 160 வைத்திருக்கிற பெரியவருக்கு இன்று 112 என்றால் தாள் பேசாமல் இருக்கும். அவரை நேற்றும் பார்த்த நர்ஸுக்குத்தான் வயிற்றைக் கலக்கும். இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் அட்டெனலால் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உள்ளே ரத்தம் கசிந்தாலும் பல்ஸ் ஏறாமல் இருக்கலாம். வயசானவர்களுக்குக் கிருமி பரவினாலும் பல நேரம் காய்ச்சலே வராது. சாப்பாடு வேண்டாம் என்பார்கள், பேச்சு குழறும், அவ்வளவுதான். வலி மருந்து போட்ட பிறகு நிம்மதியாகத் தூங்குகிறவரின் மூச்சு எட்டில் நின்றால் அது தூக்கமே இல்லை.

அந்த இரவுக்குப் பிறகு நான் டியூட்டி எடுக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். ஓவர் வாங்கியதும் கேஸ் ஷீட்டைத் திறக்க மாட்டேன். கையில் எதுவும் இல்லாமல் முதல் கட்டிலிலிருந்து கடைசிக் கட்டில் வரை ஒரு நடை. முகம், மூச்சு, யூரின் பை, டிரெயின் பாட்டில், காலைத் தொட்டால் சூடா ஜில்லா. பத்து நிமிஷம் ஆகும். கூட வேலை பார்த்தவர்கள் "மாத்திரை குடுக்க லேட்டாகுது" என்று சடைத்துக்கொள்வார்கள். லேட்டாகட்டும் என்பேன். யாரை முதலில் பார்ப்பது என்ற கேள்விக்கும் என் விடை மாறியது. கூப்பிடுகிற வரிசையில் போவதை விட்டேன். பத்து நிமிஷம் நான் போகாவிட்டால் இவருக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொரு கட்டிலுக்கும் கேட்டுக்கொண்டேன். கத்துகிறவருக்கு மூச்சும் இருக்கிறது, நினைவும் இருக்கிறது. வலி கொடுமைதான், ஊசி போட வேண்டும், ஆனால் அவர் காத்திருக்க முடியும். ரத்தம் ஏறுகிறவரை முதல் 15 நிமிஷம் விட்டு நகர முடியாது, ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும். தீர்ந்துபோன ட்ரிப்பை அடைக்க ஒரு மாணவி போதும். அந்த இரவை இப்படி அடுக்கினால் மூன்றாம் பெட்டில் கூட இருந்த ஸ்டாஃபை நிறுத்திவிட்டு நான் நேராகப் பதினான்குக்குப் போயிருப்பேன், போய் ஒரு நிமிஷம் நின்றிருப்பேன். ஒரே ஒரு நிமிஷம்.

'ஒரு மாதிரி' என்ற சொல்லைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். பாட்ரிஷியா பென்னர் என்ற அமெரிக்க நர்ஸ், அனுபவப்பட்ட நர்ஸ்களை உட்கார வைத்துக் கதை கதையாகக் கேட்டு, 1984இல் ஒரு புத்தகம் எழுதினார். எண் மாறும் முன்பே ஏதோ சரியில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது, அது எப்படி என்று கேட்டால் உடனே சொல்லத் தெரிவதில்லை என்பதை மதித்து எழுதியவர் அவர். நம் ஊர் மனைவிமார், அம்மாமார் அதைத்தான் ஒரே சொல்லில் சொல்கிறார்கள். அந்த முகத்தை வருஷக்கணக்காகப் பார்த்தவள் சொல்கிறாள். இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண் 2021இல் கிருமி பரவி இறந்தாள். அவள் நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் விடாமல் போராடி, 2024 முதல் அங்கே பல மருத்துவமனைகளில், குடும்பத்தாரே நேரடியாக இன்னொரு மருத்துவக் குழுவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்று விதி வர வைத்தார்கள். நம் வார்டுகளில் அட்டெண்டர் என்று சொல்லி வெளியே நிற்கச் சொல்கிற ஆளுக்கு, தாளில் ஒரு கட்டம் ஒதுக்கியதற்குச் சமம் அது.

வேலையின் கடைசி மாதங்களில் மாணவிகளை என்னோடு ரவுண்ட்ஸ் அழைத்துப்போவேன். மூச்சு எண்ணும் விதம் ஒன்று இருக்கிறது. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் பல்ஸ் பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கக் கூடாது. பல்ஸ் பார்ப்பது போலவே பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோக வேண்டும். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குவதும் கூடாது.

ஒரு மாணவி அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுபது வயசுத் தாத்தா, இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவர், கண்ணை மூடியிருந்தார். முந்தின ஷிஃப்டின் தாளில் இருபது என்று இருந்தது. கடிகாரத்தின் முள் ஒரு சுற்று வரும்வரை நான் பேசவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் தண்ணி கேட்டார், அவள் திரும்பவில்லை. முள் பன்னிரண்டைத் தொட்டது.

"இருபத்தாறு, சிஸ்டர்."

"சரியா எண்ணினியா?"

இன்னொரு சுற்று எண்ணினாள். "இருபத்தாறுதான் சிஸ்டர்."

"எழுது. நேரத்தையும் எழுது. நான் டாக்டருக்குப் போன் போடறேன், நீ இங்கயே இரு."